சூடு ஆறாத பறவையும் இளம் நாயும்

சுட்டு வீழ்த்திய பறவை உடனே நாயின் வாய்க்கு வரும்போது அதன் உடலில் நாற்பது டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு இருக்கும். கழுத்து துவண்டு தொங்கும். இறக்கை இன்னும் விறைக்காததால் தூக்கிய கணமே விரிந்து நாயின் கண்ணை மறைக்கும். குண்டு துளைத்த இடத்தில் இரத்தம் கசியும். கழன்ற இறகுகள் ஈர நாக்கில் ஒட்டும். சில சமயம் பறவை சாகாமலே கிடந்து படபடக்கும். பல மாதங்களாகக் கித்தான் துணிப் பொதியான பயிற்சி டம்மியை மட்டுமே ஓடி ஓடி எடுத்துவந்த இளம் லாப்ரடாருக்கு இதில் எல்லாமே புதிது. மோந்துவிட்டு அப்படியே நிற்கும். இறக்கை நுனியைப் பிடித்து இழுக்கும். படுத்துக்கொண்டு இறகு பிடுங்கத் தொடங்கும். கவ்விக்கொண்டு தன் ஆளுக்கு எதிர்த்திசையில் ஓடும். சில நாய்கள் பதற்றத்தில் அழுத்திக் கடித்துவிடும். அதுவரை குறையில்லாமல் பழகிவந்த நாய் இந்த ஒரு நொடியில் கெட்டுப்போவதும் உண்டு.

இந்தக் கட்டத்தைத் தாண்டவைப்பதில் பிரிட்டனும் அமெரிக்காவும் நேரெதிர் வரிசையில் போகின்றன. பிரிட்டனில் ஒழுங்கு முதலில், பறவை கடைசியில். அமெரிக்காவில் பறவை முதலில், ஒழுங்கு பிறகு, அந்த ஒழுங்கோடு கட்டாயமும் சேர்ந்து வரும். இரண்டு நாடுகளும் ஒரே இன நாயை ஒரே வேலைக்குத்தான் பழக்குகின்றன. பிறகு ஏன் இந்தத் தலைகீழ் வரிசை? அமெரிக்கர் அவசரக்காரர், பிரிட்டிஷார் பொறுமைசாலிகள் என்று தேசிய குணத்தை வைத்து விளக்குபவர்களை நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு முறைக்கும் பின்னால் அந்தந்த வேட்டைக்களத்தின் தரையும் தண்ணீரும் சட்டமும் நிற்கின்றன.

வேர் ஒன்றே. நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களிடம் வேலை செய்த செயின்ட் ஜான்ஸ் நாய்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பலேறி இங்கிலாந்து வந்தன. மால்ம்ஸ்பரி பிரபுக்களும் ஸ்காட்லாந்தின் பக்ளூ கோமகன்களும் அவற்றை வளர்த்தார்கள். 1880களில் மால்ம்ஸ்பரி கொடுத்த ஏவன், நெட் என்ற இரு நாய்கள் பக்ளூ பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தன. இன்றைய லாப்ரடார் வம்சத்தின் அடிமரமாக அவற்றைச் சொல்வார்கள். பிரிட்டிஷ் கென்னல் கிளப் 1903இல் இந்த இனத்தை ஏற்றது. அமெரிக்க கென்னல் கிளப் 1917இல். அதற்குப் பிறகு நியூயார்க் வட்டாரத்துச் செல்வந்தர்கள் ஸ்காட்லாந்திலிருந்து நாய்களை மட்டுமல்லாமல் வேட்டைப் பண்ணைக் காவலர்களையும் வரவழைத்தார்கள். 1931 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் செஸ்டர் அருகே லாப்ரடார்களுக்கென நடந்த முதல் அமெரிக்கக் களப்போட்டி ஏறக்குறைய ஸ்காட்லாந்து வேட்டை நாளின் நகல்தான். பிரிவு அதற்குப் பிறகே தொடங்கியது. அதற்கு வித்திட்டவர்களில் ஒருவர் டேவ் எலியட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. ஆட்டு மந்தை நாய்களைத் தொலைவிலிருந்து கையசைத்தும் விசிலடித்தும் நடத்தும் வழக்கத்தை அவர் 1930களில் அமெரிக்க ரிட்ரீவர்களுக்கு, அதாவது சுட்டதை எடுத்துவரும் நாய்களுக்கு, கொண்டுவந்தார். விழுந்ததை நாய் பார்த்தே இராத பறவையிடம் அதை நேர்கோட்டில் அனுப்புவது அங்கே தனிக் கலையாக வளர்ந்தது.

பிரிட்டனில் ஃபெசன்ட் என்ற வேட்டைப் பறவையைச் சுடும் பருவம் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. துப்பாக்கிக்காரர்கள் வயலோரத்தில் குறித்த இடங்களில் வரிசையாக நிற்பார்கள். ஆட்கள் தடியால் புதர்களைத் தட்டிக்கொண்டே காட்டுக்குள்ளிருந்து வர, பறவைகள் எழுந்து வரிசையின் தலைக்கு மேலே பறக்கும். சிறிது நேரத்துக்குள் நாயின் கண்முன்னே பத்தும் இருபதும் விழலாம். அவ்வளவு நேரமும் அது கழுத்தில் வாரில்லாமல், முனகாமல், அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஊதல் ஒலித்து அந்தச் சுற்று முடிந்த பிறகே அதன் வேலை தொடங்கும். திறந்த புல்வெளியில் செத்துக் கிடப்பவற்றை மனிதர்களே பொறுக்கிக்கொள்ளலாம். நாய் தேவைப்படுவது இறக்கை முறிந்து முட்புதருக்குள் ஓடிவிட்ட ஃபெசன்ட் சேவலுக்கு. கண்முன்னே கிடக்கும் செத்த பறவைகளைத் தாண்டிப்போய், ஓடியதன் வாடையைத் தரையில் பிடித்து, நூற்றுக்கணக்கான மீட்டர் தொடர்ந்து, அதை உயிரோடும் நசுங்காமலும் கொண்டுவரும் நாய்க்குத்தான் அங்கே மதிப்பு. இத்தகைய களத்தில் பயிற்றுநர் அஞ்சுவது நாயின் மிதமிஞ்சிய ஆவலை. பறவை என்றதும் கொதிக்கும் நாய் ஏவாமலே பாயும், குரைக்கும், பக்கத்து நாய்களையும் கெடுக்கும்.

அமெரிக்காவின் வாத்து வேட்டையில் பயமே வேறு. சதுப்பு நிலத்தில் நாணலால் மறைத்த ஒரு தட்டி; முன்னே தண்ணீரில் மிதக்கும் பொம்மை வாத்துகள்; உள்ளே இரண்டு மூன்று பேர், ஒரு நாய். சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிருந்து சுடச் சட்டம் அனுமதிக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளில் இத்தனை வாத்து என்று வரம்பு உண்டு. அடித்ததைத் தேடி எடுக்க நியாயமான முயற்சி செய்தாக வேண்டும் என்பதும் கூட்டரசு விதி. டிசம்பர்த் தண்ணீர் உறைநிலைக்கு அருகில் இருக்கும். காயம்பட்ட வாத்து முங்கி வேறிடத்தில் எழும், நாணலுக்குள் புகும், ஓட்டத்தோடு போய்விடும். கரையில் நின்று தயங்கும் நாயால் பயனில்லை. ஒரு பருவத்தில் நூறு முறை அனுப்பினால் நூறு முறையும் போக வேண்டும், ஒவ்வொரு முறையும் நேர்கோட்டில் போக வேண்டும். இங்கே பயிற்றுநர் அஞ்சுவது மறுப்பை.

களப்போட்டிகள் இந்த இரு அச்சங்களையும் இன்னும் கூர்மையாக்கின. பிரிட்டிஷ் போட்டி உண்மையான வேட்டை நாளிலேயே நடக்கிறது. பறவை எங்கே எழும், எங்கே விழும் என்று நடுவருக்கும் தெரியாது. முனகல், ஏவாமல் பாய்வது, பறவையைப் பாதி வழியில் போட்டுவிட்டு வேறொன்றை எடுப்பது, வாய் அழுத்தம் ஆகியவை நாயை உடனே வெளியேற்றும் குற்றங்கள். கொண்டுவந்த பறவையை நடுவர் கையில் வாங்கி விலா எலும்பை இருபுறமும் விரலால் அழுத்திப் பார்க்கிறார். விலா நொறுங்கியிருந்து, அது நாயின் வேலைதான் என்று உறுதியானால், அந்த நாயின் கதை அன்றோடு முடிந்தது. அமெரிக்கப் போட்டியோ வரைந்து அமைத்த தேர்வு. எல்லா நாய்க்கும் ஒரே சோதனை கிடைக்கும்படி பறவைகள் குறித்த இடங்களிலிருந்து எறியப்படும். தூரங்கள் வளர்ந்துகொண்டே போய், முந்நூறு மீட்டருக்கு அப்பால் விழுவதை நினைவில் வைத்து எடுக்கும் நாய்கள் இன்று அங்கே அரிதல்ல. ஒன்றில் மூக்கும் அடக்கமும் எடைபோடப்படுகின்றன. மற்றதில் கண்ணும் நினைவும் கோடு பிசகாத ஓட்டமும்.

பயிற்சிக்கு வருவோம். பிரிட்டிஷ் வழக்கப்படி குட்டிக்கு ஆறேழு மாதம் வரை பெரும்பாலும் விளையாட்டுத்தான். பெயர் சொன்னால் வருவது, உட்காருவது, விசிலுக்குத் திரும்புவது. அவ்வப்போது ஒரு சின்ன டம்மி. நான்காம் மாதம் முதல் பால்பற்கள் விழுந்து புதுப்பல் முளைக்கும். ஈறு நோகும் அந்த நாட்களில் எதையும் எடுக்கச் சொல்வதில்லை. வாயில் எதையோ வைத்தால் வலிக்கும் என்று குட்டி ஒருமுறை கற்றுக்கொண்டால் அதை மறக்கவைப்பது கடினம். பிறகு அரைக்கிலோ டம்மி. எறிந்த டம்மியில் பாதிக்கு மேல் பயிற்றுநரே நடந்துபோய் எடுத்துவருவார். நாய் உட்கார்ந்து பார்க்கும். விழுவதெல்லாம் தனக்கல்ல என்ற பாடம் அப்படித்தான் உள்ளே போகிறது. அடுத்து முயல்தோல் சுற்றிய டம்மி, இறக்கை கட்டிய டம்மி. ஏறக்குறைய ஒரு வயதில் முதல் பறவை, அதுவும் ஆறியது.

முதல் பறவையைத் தேர்வதில் பிரிட்டிஷ் பயிற்றுநர்கள் காட்டும் கவனம் எனக்கு மிகவும் பிடிக்கும். முந்தைய நாள் சுட்டு, காயம் வெளியே தெரியாத, இறகு கலையாத கவுதாரியோ சிறிய பெட்டை ஃபெசன்டோ நல்லது. கவுதாரி கிட்டத்தட்ட அரைக்கிலோ. பழகிய டம்மியின் கனமே. மலிவாகக் கிடைக்கும் புறாவைப் பலர் தவிர்க்கிறார்கள். அதன் இறகு தொட்டால் உதிரும்; வாய் நிறைய இறகோடு திணறிய குட்டி அடுத்த பறவையைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொள்ளும். உள்ளான், காட்டு உள்ளான் வகைகளை அனுபவமுள்ள நாய்களே சில நேரம் எடுக்க மறுப்பதுண்டு. ஆகவே அவையும் வேண்டாம். கனத்த சேவலும் காட்டு வாத்தும் பிறகு. இறக்கை விரியாமலிருக்க உடம்போடு சேர்த்து ரப்பர் வளையம் போடுவார்கள், அல்லது பழைய நைலான் காலுறைக்குள் பறவையை நுழைத்துவிடுவார்கள். காலுறை வழியே வாடை வரும், இறகு வராது. டம்மி இரண்டை எடுத்துவந்த வேகத்திலேயே மூன்றாவதாக இது. நாய் மோந்து தயங்கினால் பயிற்றுநர் அதட்டுவதில்லை. தானே பின்னால் ஓடுகிறார். துரத்திவரும் ஆசையில் பல குட்டிகள் பறவையைக் கவ்விக்கொண்டே வந்துவிடும். வந்ததும் பறவையைப் பிடுங்குவதில்லை. வாயிலேயே இருக்கவிட்டு மார்பைத் தடவிக்கொடுத்து, பிறகு கையை அடியில் வைத்து வாங்குகிறார்கள். வாய் அழுத்தத்தில் பிறவிக் குணமாக வருவதும் உண்டு, மனிதக் கையால் உண்டாவதும் உண்டு. இரண்டாவதற்கு முக்கியக் காரணம் பிடுங்கல்தான். இழுத்தால் இறுக்கிப் பிடிப்பது எந்த நாய்க்கும் இயல்பு.

சூடான பறவை அதற்கும் பின்னால். சுட்ட பத்து நிமிடத்துக்குள் எடுக்கும் அனுபவத்தை, வேட்டை நாளின் ஒரு மூலையில், மற்ற நாய்கள் இல்லாத இடத்தில், முழுதாகச் செத்துக் கிடக்கும் ஒரு பறவையில் தொடங்குவார்கள். ஓடும் பறவை கடைசிப் பாடம். அதைச் சீக்கிரம் கொடுத்தால் இரண்டு கேடு. சேவலின் காலில் உள்ள முள் குத்திய வலிக்குப் பழிவாங்க நாய் கடிக்கத் தொடங்கலாம். அல்லது ஓடுவதைத் துரத்தும் வெறி அடக்கத்தை ஒரே நாளில் கரைத்துவிடலாம். முழு வேட்டை நாளுக்கு நாய் தயாராக ஒன்றரை வயது, பலரிடம் இரண்டு வயது ஆகிறது.

அமெரிக்காவில் குட்டி வீட்டுக்கு வந்த வாரத்திலேயே புறா இறக்கை அதன் முன் விழும். 1961இல் வெளியான ரிச்சர்ட் வோல்டர்ஸின் வேட்டைநாய்ப் பயிற்சி நூல் இந்தப் பழக்கத்தைப் பரப்பியதில் பெரும்பங்கு வகித்தது. பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் அவர் குழுவினரும் குட்டிகளின் வளர்ச்சிப் பருவங்களைப் பற்றிச் செய்த ஆய்வை ஆதாரமாகக் கொண்டு, நாற்பத்தொன்பதாம் நாளே குட்டியைத் தாயிடமிருந்து எடுத்துப் பழக்கத் தொடங்கலாம் என்றார் வோல்டர்ஸ். இறக்கைக்குப் பிறகு செத்த புறா, இறக்கை கட்டிய உயிர்ப்புறா, மூன்று நான்கு மாதத்தில் முழு வாத்து. குட்டி பறவைப் பித்துப் பிடித்து அலைய வேண்டும். அந்தப் பித்தைப் பின்னால் வடிவமைத்துக்கொள்ளலாம் என்பதே கணக்கு. நானும் இதில் ஒரு பாதியை ஒத்துக்கொள்கிறேன். இரண்டு மாதத்தில் இறகைக் கவ்விப் பழகிய குட்டி ஒரு வயதில் பறவையைக் கண்டு மிரளுவது அபூர்வம். பிரிட்டிஷ் வழியில் ஒரு வயதில் முதன்முறையாகக் காட்டும்போது எழும் தயக்கத்தில் கணிசமான பகுதி, அதுவரை காட்டாமல் வைத்திருந்ததால் வந்தது என்றே நினைக்கிறேன்.

அடுத்த கட்டத்தில்தான் வழிகள் பெரிதாகப் பிரிகின்றன. ஐந்தாறு மாதத்தில் பற்கள் முழுதும் மாறிய பிறகு 'ஃபோர்ஸ் ஃபெட்ச்' என்ற கட்டாய எடுப்புப் பயிற்சி அங்கே தொடங்கும். முதலில் பிடித்திரு என்ற பாடம். நாயை மேசை மேல் நிறுத்தி, மரத்துண்டை வாயில் வைத்து, சொல்லும் வரை விடாமலிருக்கப் பழக்குவது. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பிறகு எடு என்ற கட்டளையோடு காது மடலைக் கழுத்துப்பட்டையோடு சேர்த்து அழுத்துவார்கள், அல்லது முன்னங்காலின் நடுவிரல்கள் இரண்டில் சுற்றிய கயிற்றை இறுக்குவார்கள். நோவு தாங்காமல் நாய் வாய் திறக்கும். மரத்துண்டு வாய்க்குள் போகும். அந்த நொடியே அழுத்தம் நிற்கும். வலியை நிறுத்தும் வழி தன் வாயில் இருக்கிறது என்று நாய் கண்டுகொள்கிறது. மரத்துண்டை நோக்கி ஒரு அங்குலம் எட்டிப் பிடிப்பது, பிறகு ஓரடி, பிறகு தரையிலிருந்து எடுப்பது, குவியலாகக் கிடக்கும் டம்மிகளை நோக்கி ஓடுவது என்று இது வாரக்கணக்கில் விரியும். மரத்துண்டு டம்மியாகி, டம்மி உறைந்த வாத்தாகி, உறைந்தது இளகிய வாத்தாகி, கடைசியில் அன்று சுட்ட வாத்தாகும். ரெக்ஸ் கார் என்ற கலிஃபோர்னியப் பயிற்றுநர் மின் கழுத்துப்பட்டையை ரிட்ரீவர் பயிற்சித் திட்டத்துக்குள் கொண்டுவந்த முன்னோடி. அவர் வழியில் வந்தவர்களின் கையில், காதில் கொடுத்த அழுத்தம் கழுத்தில் பட்டை கொடுக்கும் மின்துடிப்பாக மாறி, நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் நாயையும் எட்டியது.

இதன் ஆதரவாளர்கள் சொல்வதை நேர்மையாகக் கேட்க வேண்டும். ஆசையால் மட்டும் எடுக்கும் நாய், ஆசை இல்லாத நாளில் எடுக்காது. பனிக்கட்டித் தண்ணீரும், முகத்தில் அறையும் காயம்பட்ட வாத்தும், நாலு கிலோவுக்கு மேல் கனக்கும் கனடா வாத்தும் ஆசையைத் தணிக்கக்கூடியவை. எடுப்பது கடமை என்று அறிந்த நாய் பறவையைக் கரையில் போட்டுவிட்டு உடம்பை உதறாது. அந்த ஒரு உதறலில் உயிருள்ள வாத்து மீண்டும் தண்ணீருக்குள் போய்விடும். முறையாகச் செய்தால் நாய் ஒடுங்குவதில்லை, தெளிவடைகிறது என்கிறார்கள். ஃபோர்ஸ் ஃபெட்ச் முடித்த நல்ல நாய்களின் ஓட்டத்தைப் பார்த்தால் அவை அடிமைகளைப் போல ஓடுவதில்லை என்பதும் உண்மை. ஜான் ஓலினின் கிங் பக் என்ற லாப்ரடார் 1952, 1953 இரு ஆண்டுகளும் அமெரிக்கத் தேசியப் போட்டியை வென்றது. வாத்து வேட்டைக்காரர்கள் வாங்க வேண்டிய கூட்டரசு வாத்து முத்திரையில், 1959இல், மல்லார்ட் வாத்தைக் கவ்விய அதன் படம் வந்தது. ரிட்ரீவர் நாய்கள் வேட்டைப் பறவைகள் வீணாகாமல் காக்கின்றன என்ற வாசகமும் அதில் இருந்தது. அந்த வாசகம் விளம்பரமில்லை. காயத்தோடு தப்பிச் சதுப்பில் மெல்லச் சாகும் வாத்தைக் கண்டெடுப்பது, வேட்டையை ஏற்பவரும் மறுப்பவரும் ஒருசேர விரும்பக்கூடிய செயல்.

ஆனாலும் காதைத் திருகித்தான் இந்த இடத்துக்கு வர வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. வலியில்லாமல் எட்ட முடிந்த ஒன்றுக்கு வலியைப் பயன்படுத்த யாருக்கும் உரிமையில்லை என்பது என் முதல் காரணம். எட்ட முடியும் என்பதற்கு பிரிட்டனின் தரிசுகளும் சதுப்புகளுமே சாட்சி; ஜனவரியில் அங்கே கடலோரச் சேற்றில் வாத்தும் காட்டு வாத்தினமும் எடுக்கும் நாய்களுக்குக் காது திருகல் தெரியாது. மின் பட்டையை வேல்ஸ் 2010இலேயே தடைசெய்துவிட்டது. லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு, மின் பட்டையில் பழகிய நாய்களையும் பரிசு கொடுத்துப் பழக்கிய நாய்களையும் ஒப்பிட்டது. பட்டையால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. பதற்றத்தின் அறிகுறிகள் தெரிந்தன. அவை வீட்டு நாய்கள், பாடமும் அழைத்தால் வருவதைப் பற்றியது. வாத்து எடுப்பதற்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பொருந்தாது என்று காட்டும் பொறுப்பு இப்போது பட்டைக்காரர்களிடம் இருக்கிறது.

இரண்டாவது காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. அது ஒரு நாயோடு நிற்பதில்லை. பிரிட்டிஷ் முறையில் எடுக்கும் ஆசையும் மென்மையான வாயும் இல்லாத நாய் ஒன்றரை வயதுக்குள் வெளிப்பட்டுவிடும். அதைக் கட்டாயப்படுத்தி எடுக்கவைக்க வழியில்லாததால் அது போட்டிக்கும் வராது, இனப்பெருக்கத்துக்கும் பெரும்பாலும் வராது. நூறாண்டுக்கு மேலாக இந்தச் சல்லடை ஒவ்வொரு தலைமுறையையும் சலித்திருக்கிறது. நம் ஊர் அடுக்குமாடி வீட்டில் வாசலுக்கு வருபவரை ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு வரவேற்கும் லாப்ரடார்கூட அந்தச் சல்லடையின் பிள்ளைதான். யாரும் கற்றுக்கொடுக்காமலே அது எதையாவது கவ்வி, கடிக்காமல், மனிதரிடம் கொண்டுவருகிறது. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் வேகத்துக்காகப் பேணப்பட்டவை. பிடித்ததைக் கையில் கொண்டுவந்து தருவது அவற்றின் தொழிலில் இல்லை. ஃபோர்ஸ் ஃபெட்ச் அந்தச் சல்லடையில் ஓட்டை போடுகிறது. ஆசை குன்றிய நாயும் கடமையால் எடுக்கிறது; அழுத்திக் கடிக்கும் நாயும் கடிக்காமலிருக்கக் கற்றுக்கொள்கிறது. கோப்பை வெல்லும் அந்த நாயின் குட்டிகளுக்குப் பயிற்சி பாரம்பரியமாக வராது. வருவது குருதியில் இருந்தது மட்டுமே. அதை மறுபடி பயிற்சியால் மூட வேண்டியிருக்கும். வன்முறை இல்லாத பயிற்சியால் பழக்க முடியாத வம்சம் உருவாகிவிட்டது என்று சொல்ல நான் துணியவில்லை. அப்படி ஒன்று உருவானால் யாருக்கும் தெரியவராது என்பதே என் கவலை.

வாய் மென்மையைப் பற்றிய பிரிட்டிஷ் கண்டிப்புக்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு: விற்பனை. அங்கே சுட்ட ஃபெசன்டைப் பண்ணைக்காரர் வேட்டைப் பறவை வியாபாரிக்கு விற்கலாம். கசாப்புக் கடையில் அது தொங்கும். விலா நொறுங்கிய பறவை விலைபோகாது. அமெரிக்காவில் காட்டு வாத்தை விற்பது குற்றம். சுட்டவர் வீட்டுச் சட்டிக்கே அது போகும். அங்கும் வாய் அழுத்தம் குறைதான், போட்டியில் தண்டனைக்குரியதுதான். ஆனால் வாரம் நூறு பறவை எண்ணி வாங்கும் வியாபாரியின் கண் அந்தக் குறையின் மேல் இல்லை.

இரு கரைக்கும் இடையே நடந்துபோனவர்களும் இருக்கிறார்கள். டென்னசியின் ராபர்ட் மில்னர் அமெரிக்க முறையில் தொடங்கி, பிரிட்டிஷ் லாப்ரடார்களை இறக்குமதி செய்து, பிறகு பரிசு கொடுத்துப் பழக்கும் முறைக்கே முழுதாக மாறினார். அவர் தொடங்கிய வைல்ட்ரோஸ் பண்ணையை மைக் ஸ்டூவர்ட் மிசிசிப்பியில் நடத்தி, பிரிட்டிஷ் முறையை அமெரிக்க வாத்து வேட்டைக்காரர்களிடம் கொண்டுசேர்த்தார். அதே மிசிசிப்பிச் சதுப்பில், அதே தண்ணீரில், காது திருகாத நாய்கள் வாத்து எடுக்கின்றன. மறுப்பு என்ற அமெரிக்க அச்சத்துக்கு வாதங்களைவிட இது வலுவான பதில். முந்நூறு மீட்டர்ப் போட்டிகளை வெல்ல இது போதுமா என்றால், இன்றைய நிலவரப்படி வெல்பவை பெரும்பாலும் மற்ற முறையில் பழகியவைதான். அந்தத் தூரம் போட்டி உண்டாக்கிய தூரம். தட்டிக்குள் இருந்து சுடும் வாத்து பெரும்பாலும் அதில் ஒரு சிறு பங்கு தூரத்தில்தான் விழும்.

இரண்டிலும் எடுத்துக்கொள்ள வேண்டியவை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். குட்டிக்கு இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்த இறக்கையோடு விளையாட்டு, அமெரிக்கரைப் போல. அதோடு நிறுத்திக்கொண்டு ஒரு வயது வரை டம்மியும் அடக்கமும், பிரிட்டிஷாரைப் போல. பற்கள் மாறிய பிறகு பிடித்திரு பாடத்தை மட்டும் அமெரிக்க மேசையிலிருந்து எடுத்து, அழுத்தத்துக்குப் பதில் தின்பண்டத்தால் கற்பிக்கலாம். பறவையைக் கரையில் போட்டு உதறும் பழக்கத்தை இது மட்டுமே பெரும்பாலும் தீர்த்துவிடும். இறக்கை கட்டிய உயிர்ப்பறவையைக் குட்டியின் வாய்க்குக் கொடுப்பதை அமெரிக்க முறையிலிருந்து நீக்கிவிட வேண்டும். பிரிட்டிஷ் வட்டத்தில் அதற்கு ஏற்கெனவே இடமில்லை. வேட்டையில் காயம்படுவது தவிர்க்க முயன்றும் நேர்வது. பாடத்துக்காக ஓர் உயிரைக் கட்டிப்போட்டுத் திரும்பத் திரும்பக் கவ்வவைப்பது நாமே செய்வது. காயம்பட்ட பறவையின் வேதனையைக் குறைப்பதுதான் இந்தத் தொழிலின் நியாயம் என்றால் அங்கே அந்த நியாயம் உடைந்துபோகிறது.

பறவைக் காய்ச்சல் பரவிய பின் ஆறிய பறவையைப் பற்றிய கவனமும் மாற வேண்டியிருக்கிறது. 2023இல் கனடாவின் ஒன்டாரியோவில் காட்டு வாத்தினப் பறவை ஒன்றைக் கடித்த வீட்டு நாய் அந்தத் தொற்றால் இறந்தது. வயலில் செத்துக் கிடந்ததைப் பயிற்சிக்கு எடுத்துப்போகும் பழைய வழக்கம் இனி கூடாது. சுடுவதற்கு முன் நன்றாகப் பறந்ததைக் கண்ணால் பார்த்த பறவையே பாடத்துக்கு ஏற்றது.

அமெரிக்க ரிட்ரீவர் கழகங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கத் தோன்றுகிறது. ஃபோர்ஸ் ஃபெட்ச் தொடங்கும் முன், ஐந்தாறு மாதக் குட்டியாக இருக்கும்போதே, இரண்டு டம்மியும் ஓர் ஆறிய பறவையும் கொண்டு ஓர் எளிய சோதனை நடத்தலாம்: ஆசையோடு போகிறதா, மென்மையாகக் கவ்வுகிறதா, தானாகத் திரும்பி வருகிறதா. வென்ற கோப்பைகளுக்குப் பக்கத்தில் வம்சாவளிப் பதிவில் அந்த முடிவும் இருந்தால், குட்டி வாங்க வருபவர் தந்தையின் பயிற்சியை நம்பி வாங்குகிறாரா, தந்தையின் குருதியை நம்பி வாங்குகிறாரா என்று அவருக்குத் தெரியும். தொழில்முறைப் பயிற்றுநர்கள் இதை எதிர்ப்பார்கள். நாய் விலை அவர்கள் பயிற்சியோடு கட்டுண்டது. இடுப்பெலும்புக் கோளாறுக்கும் கண் நோய்க்கும் சான்றிதழ் வாங்கும் வழக்கத்தையும் ஒரு காலத்தில் பலர் எதிர்த்தார்கள். இப்போது அந்தச் சான்றிதழ் இல்லாத லாப்ரடார்க் குட்டியை விவரம் தெரிந்தவர்கள் வாங்குவதில்லை.